மூத்த ராக் பாடகரின் அரீனா சுற்றுப்பயணம்: புது ஆல்பத்தோடு கிளம்பும் முன்

எழுபதை நெருங்கும் ராக் பாடகர் ஒருவர் புது ஆல்பம் போட்டுவிட்டு, பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை கொள்ளும் உள்ளரங்குகளை (அரீனா) சுற்றிவரப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத் தாளின் முதல் வரியில் ஒரே ஒரு எண் இருக்க வேண்டும்: அவரால் வாரத்தில் எத்தனை இரவு பாட முடியும்? ஊர் வரிசை, பாட்டு வரிசை, சுதி, ஒத்திகை, காப்பீடு எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. டிரக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

வாரத்துக்கு எத்தனை இரவு

இருபதுகளில் இருக்கும் இசைக்குழு வாரம் 5 நிகழ்ச்சி தாங்கும். 65 வயதைத் தாண்டிய பாடகருக்கு 3, மிஞ்சினால் 4. தொடர்ந்து இரண்டு இரவு பாடலாம். மூன்றாவது இரவு வேண்டாம். இரண்டு மணி நேரம் உரக்கப் பாடினால் குரல்நாண்கள் வீங்கும். வயது ஏற ஏற நாண்களின் தசை மெலிந்து, இரண்டும் முழுதாக ஒட்டி மூடாமல் போகின்றன. பழைய சத்தத்தை வரவழைக்கக் கழுத்தை இறுக்கிப் பாட வேண்டியிருக்கிறது. வீக்கம் வடிய ஒரு பகல் போதாது என்பதால் முதல் இரவின் வீக்கத்தின் மேல் இரண்டாம் இரவின் வீக்கம் ஏறும். மூன்றாம் இரவில் உச்சஸ்தாயி உடையும். அதையும் தாண்டி விரட்டினால் நாணில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

ஓய்வு நாள் இனாமாகக் கிடைப்பதில்லை. சம்பளம், விடுதி, டிரக் வாடகை, பஸ் வாடகை எல்லாம் நிகழ்ச்சி இல்லாத நாளிலும் ஓடும். கணக்குப் பார்ப்பவர் “இடையில் ஒரு ஊரைச் செருகினால் என்ன?” என்று கட்டாயம் கேட்பார். கடைசி நேரத்தில் ரத்தாகும் ஒரே ஒரு அரீனா நிகழ்ச்சி, பல ஓய்வு நாட்களின் செலவை ஒரே வாயில் விழுங்கிவிடும் என்பதை அவருக்கு எண்களாகவே எழுதிக் காட்டுங்கள். அமெரிக்க ராக் குழு ஏரோஸ்மித்தின் விடைபெறும் சுற்றுப்பயணம் 2023 செப்டம்பரில் மூன்று நிகழ்ச்சிகளோடு நின்றது. பாடகர் ஸ்டீவன் டைலரின் தொண்டைக் காயம்தான் காரணம். 2024 ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணங்களையே விட்டது.

தேதியும் சாலையும்

அரங்கத் தேதிகளை முதலில் ‘ஹோல்டு’ போட்டு, அதாவது ஒப்பந்தம் இல்லாமல் தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். ஒரே இரவுக்கு முதல் ஹோல்டு, இரண்டாம் ஹோல்டு என்று வரிசை உண்டு. இரண்டாம் இடத்தில் இருப்பவர் ஒப்பந்தம் போடத் தயார் என்றால் முதல் இடத்துக்காரருக்குச் சவால் விடலாம். அவர் ஓரிரு நாளில் உறுதி செய்ய வேண்டும், இல்லையேல் விட வேண்டும். வட அமெரிக்காவில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலான அரீனாக்கள் கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கட்டுப்பட்டவை. பருவ இறுதியின் பிளே-ஆஃப் சுற்று நீண்டால் மே, ஜூன் தேதிகளும் ஆடும். அதனால் வரைபடத்தில் அழகாக ஓடும் பாதை கையில் கிடைக்காது. கிடைத்த தேதிகளைக் கோக்கும்போது ‘இரண்டு இரவு, ஒரு ஓய்வு’ என்ற விதியை மட்டும் உடைக்காதீர்கள்.

அடுத்தது தூரம். இரவு இரண்டு மணிக்குக் கடைசி டிரக் கிளம்பி, காலை எட்டுக்கு அடுத்த அரங்கில் கதவு திறக்க வேண்டும் என்றால் கையில் இருப்பது 6 மணி நேரம். நெடுஞ்சாலையில் 450 கி.மீ. வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் இரண்டாம் ஓட்டுநர் வேண்டும், அல்லது நடுவில் ஒரு நாள் வேண்டும். ஐரோப்பாவில் ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம் (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10), நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவில் பயணிகள் பஸ் ஓட்டுநருக்கு 10 மணி நேரம், சரக்கு டிரக் ஓட்டுநருக்கு 11 மணி நேரம் உச்சவரம்பு. இவை பேரம் பேசும் எண்கள் அல்ல.

ஆல்பம் முதல் நிகழ்ச்சிக்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பே வெளிவந்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. கேட்டே இராத பாட்டுக்குக் கூட்டம் எழுந்து வெளியே போகும். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்ட பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். வினைல் தட்டு அச்சாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வெளியீட்டுத் தேதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆலைதான். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு சுற்றுப்பயணத்தைப் பின்னால் பொருத்துங்கள். டிக்கெட் விற்பனையை ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் முதல் பாட்டு (சிங்கிள்) வரும் வாரத்தில் திறக்கலாம். டிக்கெட்டோடு ஆல்பத்தை இலவசமாகக் கட்டிக் கொடுத்து விற்பனைப் பட்டியலில் ஏறும் பழைய உத்தி இனி உதவாது. அமெரிக்க விற்பனைப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு 2020-இல் விதியை மாற்றிவிட்டது: ரசிகர் தனியாகக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்ட ஆல்பம்தான் எண்ணிக்கையில் வரும்.

பாட்டு வரிசை

இரண்டு மணி நேரத்துக்கு 20 பாட்டு. அதில் புதுசு 4. ஐந்தாவது புதுப் பாட்டைச் சேர்க்க ஆசை வரும். அதை ஊருக்கு ஊர் மாற்றிப் பாடும் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான சுற்றுப்பயணங்கள் சறுக்குகின்றன. நான்கையும் நடுவில் ஒரே கொத்தாகப் போட்டால் அரங்கின் கால்வாசி அந்த இருபது நிமிடத்தைக் கழிப்பறை வரிசையில் கழிக்கும். பிரித்து வையுங்கள். முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். அதன் கைதட்டல் அடங்கும் முன் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஆல்பத்தின் வேகமான பாட்டு. அந்த நேரத்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், வெளிச்சமும் படமும் இன்னும் புதுசாகத் தெரியும். அடுத்த புதுப் பாட்டு ஏழாவது அல்லது எட்டாவது. மூன்றாவது, மென்மையானது, பத்து பன்னிரண்டையொட்டி, கிட்டார் ஒன்றோ பியானோ ஒன்றோ மட்டும் வைத்து. நான்காவதை கடைசி ஹிட் வரிசை தொடங்குவதற்குச் சற்று முன் வைக்கலாம். முடிந்த பின் கூட்டம் கேட்டு வந்து பாடும் மறுஅழைப்பில் புதுப் பாட்டு கூடவே கூடாது.

ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் பின்னால் தெரிந்த பாட்டு ஒன்று இடைவெளி இல்லாமல் தொடங்க வேண்டும். அதே டியூனிங், முடிந்தால் அதே வேகம், கிட்டாரை மாற்றாமல். இடையில் விளக்கு அணைந்து ஆள் ஓடி கிட்டார் மாற்றும் பத்து விநாடியில் கைதட்டல் செத்துவிடும். அறிமுகப் பேச்சும் வேண்டாம். “இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து...” என்று ஒரு நிமிடம் பேசினால், வெளியே போக அனுமதி கொடுத்ததாகவே கூட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆல்பம் முழுவதையும் வாசித்தே தீருவேன் என்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் குழு அயர்ன் மெய்டன் 2006-இல் புது ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்கள். பாப் டிலன் 2021 இறுதியிலிருந்து தன் 2020 ஆல்பத்தின் பெரும்பகுதியை இரவுதோறும் பாடினார். செய்யலாம். ஆனால் அதை டிக்கெட் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால், பழைய பாட்டைக் கேட்கக் காசு கொடுத்தவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில் தப்பில்லை.

இனி இதே வரிசையைத் தொண்டையின் கண்ணால் பாருங்கள். முதல் மூன்று பாட்டில் உச்சம் வேண்டாம். குரல் சூடேறி, இன்னும் களைக்காத நேரம் நான்காவதிலிருந்து பதினான்காவது வரை. கடினமானவை அங்கே வரட்டும், ஆனால் இரண்டு உச்சப் பாட்டு அடுத்தடுத்து வரக் கூடாது. சுமார் 40-ஆவது நிமிடத்திலும் 80-ஆவது நிமிடத்திலும் நான்கு முதல் ஆறு நிமிடம் பாடகர் பாடாத நேரம் தேவை: நீண்ட கிட்டார் வாசிப்பு, டிரம்ஸ் தனி, அல்லது குழுவில் இன்னொருவர் பாடும் பாட்டு. அந்த நேரத்தில் அவர் மேடையின் பின்னால் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பேசக் கூடாது. யாரும் அவரிடம் போய் நலம் விசாரிக்காமல் பார்த்துக்கொள்வது டூர் மேனேஜரின் வேலை.

கட்டை இறக்குவது

சுதியைக் குறைப்பதில் வெட்கம் வேண்டாம். முப்பது வயதில் ஸ்டூடியோவில் பதினைந்து தடவை பாடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஸ்வரத்தை எழுபது வயதில் வாரம் மூன்று முறை ஒரே தடவையில் பிடிக்கச் சொல்வது அநியாயம். ஆனால் எல்லாப் பாட்டையும் கண்மூடித்தனமாக ஒரே அளவு இறக்குவதும் தப்பு.

ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: நீட்டிப் பிடிக்க வேண்டிய மிக உயர்ந்த ஸ்வரம், அது பாட்டில் எத்தனை முறை வருகிறது, பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம். பிறகு பாடகர் களைத்திருக்கும் ஒரு மாலையில், ஒத்திகையின் கடைசி அரை மணி நேரத்தில், சிரமமில்லாமல் எட்டும் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கும்போது அளந்தால் பொய்க்கணக்கு வரும். உச்ச ஸ்வரம் அந்த எல்லையைத் தாண்டுகிற பாட்டுகளை அரைக் கட்டை இறக்குங்கள். போதாவிட்டால் இன்னொரு அரைக் கட்டை. அதற்கு மேல் இறக்கினால் பல்லவியின் உச்சம் சௌகரியமாகும், சரணத்தின் தாழ்ந்த வரிகள் குரலுக்குக் கீழே போய்க் காணாமல் போகும். அந்த நிலையில் மெட்டை லேசாக மாற்றுவது அல்லது உச்ச வரியைப் பின்பாட்டுக்காரரிடம் கொடுத்து, பாடகர் கீழ் ஸ்வரத்தில் சேர்ந்துகொள்வது மேல். கூட்டமே சேர்ந்து பாடும் வரி என்றால் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாலே போதும்.

கருவிகளின் பக்கம் இதனால் வரும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. கிட்டாரின் கீழ் ஈ தந்தி 3 கட்டை. அதை இரண்டரைக் கட்டைக்கு இறக்கினால் எல்லாத் தந்திகளும் தளரும், பலமாக மீட்டினால் சுதி விலகும். 10–46 தடிமன் தந்தி போட்டிருந்தால் அதைவிடத் தடித்த 11–49 போடுங்கள். தந்தி தடித்தால் கழுத்தின் இழுவை மாறும், கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியையும், எல்லாக் கட்டத்திலும் சுதி சரியாக நிற்கும் இன்டொனேஷனையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். திறந்த தந்தியில் வாசிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) என்றால் இறக்கி டியூன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை; கழுத்தில் மாட்டும் கேப்போ பிடிப்பான் சுதியை மேலே மட்டும்தான் ஏற்றும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, ஆனால் பதிவு செய்து வைத்த பின்னணி ஒலிகள் அந்தப் பொத்தானுக்குக் கட்டுப்படாது, புதுச் சுதியில் மறுபடி எடுக்க வேண்டும். இதை ஒத்திகைக்கு முன்பே செய்யாமல் விட்டுவிட்டு முதல் நாள் ஒத்திகையில் பாடகர் ஒரு சுதியிலும் பின்னணி இன்னொரு சுதியிலும் ஓடுவது வழக்கமான கூத்து.

மூன்று டியூனிங் என்றால் மூன்று கிட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று. ஒரே டியூனிங் பாட்டுகளைச் சேர்த்து அடுக்கினால் 20 பாட்டுக்கு ஆறேழு மாற்றத்தோடு முடித்துவிடலாம்.

புதுப் பாட்டின் வரிகள் மறக்கும். ஐம்பது வருடமாகப் பாடிய பாட்டு உடம்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் எழுதியது அப்படி இருக்காது. மேடை விளிம்பில் தரையோடு ஒட்டி பாட்டு வரிகளைக் காட்டும் இரண்டு பிராம்ப்டர் திரை வையுங்கள். அதைத் தானாக ஓடவிடாமல், பாட்டைக் கேட்டுக் கையால் நகர்த்த ஒருவர் வேண்டும். பாடகர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் தானியங்கித் திரை அவரை மேலும் குழப்பும்.

ஒத்திகை

விளக்கும் திரையும் இல்லாமல் பாடகரும் குழுவும் மட்டும் மூன்று வாரம். பிறகு ஒரு வாரம், அரீனா அளவுள்ள காலி அரங்கில் முழு விளக்கு, திரை, ஒலி எல்லாம் தொங்கவிட்டு. முதல் இரண்டு வாரம் பாடகர் பாதிக் குரலில் பாடினால் போதும். முழு நிகழ்ச்சியை முழுக் குரலில் பாடுவது மொத்தமே மூன்று முறை, அதுவும் இடையில் ஒரு நாள் விட்டு.

ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்யுங்கள். பின்னால் எந்த ஊரிலும் குழு வந்து சேரும் முன்பே ஒலிப்பொறியாளர் அந்தப் பதிவை மிக்ஸர் (ஒலி கலக்கும் மேசை) வழியாக ஓட்டி அரங்கை டியூன் செய்துவிடலாம், பாடகர் சவுண்ட் செக்கில் தொண்டையைச் செலவழிக்க வேண்டியதில்லை. மூத்தவர்களின் சுற்றுப்பயணத்தில் இந்த ஒன்று மிச்சம் பிடிக்கும் குரல் கொஞ்சமல்ல.

வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் கேட்டு வாசித்துப் பழகாத டிரம்மர் என்றால் விளக்கையும் திரையையும் டைம்கோடில் (முன்பே நேரம் குறித்துத் தானாக ஓடும் ஏற்பாட்டில்) பூட்டாதீர்கள். பாட்டு ஓர் இரவு வேகமாகப் போகும், ஓர் இரவு நீளும். விளக்குக்காரர் கையால் ஓட்டினால் அது குறையாகத் தெரியாது. பூட்டி வைத்த விளக்கு இரண்டு மாத்திரை தள்ளி எரிந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

கூரை, மின்சாரம், டிரக்

ஒலிபெருக்கி, விளக்கு, திரை எல்லாம் கூரையிலிருந்து தொங்குகின்றன. எந்தப் புள்ளியில் எத்தனை கிலோ என்ற வரைபடத்தை ஒவ்வொரு அரங்குக்கும் ஆறு வாரம் முன்பே அனுப்ப வேண்டும். அரங்கின் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் ஒரு சங்கிலி ஏறாது. பெரும்பாலும் ஒரு டன் தூக்கும் சங்கிலி மோட்டார்கள், திரைக்கும் பெரிய ஒலிபெருக்கிக் கொத்துக்கும் இரண்டு டன். கூரை உத்தரம் நமக்குத் தேவையான இடத்தில் இருக்காது, இரண்டு உத்தரங்களிலிருந்து கம்பிவடம் இழுத்து நடுவில் தொங்கவிடுவார்கள். அந்தக் கோணம் விரிய விரிய ஒவ்வொரு வடத்தின் மேலும் இழுவை கூடும். எங்கே தவறுகிறது என்றால், ஒத்திகையில் யாரோ ஒரு திரையைக் கூட்டியிருப்பார்கள், எடை வரைபடம் பழையதாகவே போயிருக்கும். ஒத்திகை முடிந்த அன்றே உண்மை எடையை லோட் செல் என்ற எடைமானி வைத்து அளந்து, திருத்திய வரைபடத்தை எல்லா அரங்குக்கும் மறுபடி அனுப்புங்கள். நடுவில் தொங்கும் ஸ்கோர்போர்டு எவ்வளவு உயரம் ஏறும் என்பதையும் கேளுங்கள். மேல்தட்டு இருக்கைக்காரருக்குத் திரையை மறைக்கும் பொருள் அதுதான்.

டிக்கெட் விற்பனை திறக்கும் முன் மிக்ஸர் நிற்கும் இடத்தையும் மேடைப் பக்கத்தில் பார்வை மறையும் இருக்கைகளையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிக்ஸர் மேடையிலிருந்து 30–40 மீட்டரில், தரையில் நிற்கும். அந்த இருக்கைகள் தவறி விற்றுப்போனால் நிகழ்ச்சி நாளன்று மாற்று இருக்கை தேடி அலைய வேண்டியதுதான்.

ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி மின்இணைப்பு கேளுங்கள். இரண்டும் ஒரே மூலத்தில் இருந்தால் விளக்கை மங்கவைக்கும்போது கிட்டாரில் இரைச்சல் ஏறும். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒலியின் இணைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்க வேண்டும்.

எல்லை தாண்டும் சுற்றுப்பயணத்துக்கு, கருவிகளைச் சுங்கவரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோகும் ஏடிஏ கார்னெட் ஆவணம் எடுக்க வேண்டும். ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பெட்டியில் இருக்கும் பொருளும் வரிசை எண்ணோடு பட்டியலில் இருக்க வேண்டும். போன பொருள் திரும்பி வராவிட்டால் சுங்கவரி கேட்பார்கள். 2021 ஜனவரி முதல் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலும் இது தேவை. விற்கப் போகும் டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் கார்னெட்டில் வராது. மூத்த கலைஞர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு: அறுபதுகளின் கிட்டாரில் பிரேசில் ரோஸ்வுட் இருக்கலாம். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் வரை போகும். ஈட்டி மரம் முதலான மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. சான்றிதழ் எடுக்க நேரமில்லை என்றால் அந்த கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு அதே மாதிரிப் புதுக் கருவியை எடுத்துப் போங்கள். அரங்கின் கடைசி வரிசைக்கு வித்தியாசம் தெரியாது. வாசிப்பவருக்குத் தெரியும்தான், சமாளித்துக்கொள்வார்.

நிகழ்ச்சி நாள்

காலை 6 மணிக்குத் தரையில் சாக்பீஸால் தொங்கும் புள்ளிகளைக் குறிப்பார்கள். 8 மணிக்கு முதல் டிரக்: மோட்டாரும் டிரஸ் என்ற உலோகச் சட்டங்களும். பிறகு விளக்கு, ஒலி, திரை என்ற வரிசையில். மேடையை அரங்கின் மறுகோடியில் சக்கரத்தின் மேல் கட்டுங்கள். மேலே தொங்கவிடும் வேலை முடிந்ததும் அப்படியே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தலாம். கூரை வேலையும் மேடை வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால் மூன்று மணி நேரம் மிச்சம். ஒரு மணிக்கு மேடை, இரண்டுக்கு பேக்லைன் (குழுவின் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் முதலியவை), மூன்றரைக்கு ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் லைன் செக், நாலரைக்கு அரை மணி நேர சவுண்ட் செக், பிறகு முதலில் வாசிக்கப் போகும் தொடக்கக் குழுவின் சோதனை, ஆறரைக்குக் கதவு. டிரக்கில் கடைசியாக இறங்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பதால் இந்த வரிசையை முந்தைய இரவே டிரக் அடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

குளிர்காலத்தில் டிரக்கிலிருந்து இறங்கும் கிட்டார் பெட்டிகளை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் ஈரம் படியும், சுதி நிற்காது. மூடியபடியே ஒரு மணி நேரமாவது அரங்கின் சூட்டில் கிடக்கட்டும். ஹாக்கி அரங்கில் தரைப்பலகைக்கு அடியில் பனி இருக்கும், பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேடை மேல் வையுங்கள்.

11 மணிக்கு ஒலி நிறுத்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது 11 மணிதான். கூடும் நிமிடத்துக்குத் தண்டம் உண்டு. 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்ததும், ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் முன்பே, நேரம் தாண்டியதால் மைக்கை அணைத்துவிட்டார்கள். பாட்டு வரிசையில் ‘தேவைப்பட்டால் விட வேண்டியது’ என்று இரண்டு பாட்டுகளை முன்பே குறித்து வைத்திருங்கள், அவை புதுப் பாட்டாக இருக்க வேண்டாம்.

ஒலி

20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும், அதாவது மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட். மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி உதவி ஒலிபெருக்கி தொங்கவிட்டால் அதை 175 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால்தான் மேடையொலியோடு சேரும். அதன் மேல் இன்னும் 10–15 மில்லிசெகண்ட் கூட்டினால், பின்வரிசைக்காரருக்குப் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். கூட்டம் நிறைந்ததும் அரங்கு சூடேறும், டிகிரிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும், அதனால் மாலையில் அளந்த தாமதத்தை முதல் பாட்டுக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

அரீனாவின் பெரிய எதிரி தாழ்ந்த ஒலியின் முழக்கம். காலி அரங்கில் இரண்டு மூன்று விநாடி எதிரொலித்துக்கொண்டே இருக்கும். புது ஆல்பப் பாட்டுகள் இங்கேதான் அடிபடுகின்றன. ஸ்டூடியோவில் நான்கு கிட்டார், இரண்டு கீபோர்டு, அடுக்கிய குரல்கள் என்று நெருக்கி எடுத்திருப்பார்கள். அரங்கில் அதை அப்படியே வாசித்தால் கூழாகிவிடும். பழைய ஹிட்டைக் கேட்பவர் மனசுக்குள் வரியை நிரப்பிக்கொள்வார், புதுப் பாட்டில் அது நடக்காது. எனவே புதுப் பாட்டுகளுக்கு மட்டும் தனியாக வாசிப்பைக் கலைத்து அடுக்குங்கள்: 200 முதல் 400 ஹெர்ட்ஸில் கிடக்கும் கீபோர்டு போர்வையை எடுத்துவிடுங்கள், ஒரு கிட்டாரை நிறுத்துங்கள், பேஸ் கிட்டார் சரணத்தில் நீட்டாமல் வெட்டி வாசிக்கட்டும், குரலை இரண்டு டெசிபெல் ஏற்றுங்கள். வரி புரிந்தால்தான் அடுத்த நாள் ஆல்பத்தைத் தேடுவார்கள்.

ராக் என்றால் சத்தம்தான், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த அளவு 15 நிமிட சராசரி 100 டெசிபெல். 98-இல் கலந்தால் உச்சங்களுக்கு இடம் இருக்கும்.

மேடையில் மூத்தவர்களின் காதை மறக்காதீர்கள். 2016-இல் ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், செவி முழுதும் போகும் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டார். காதுக்கு அச்செடுத்துச் செய்த, காதுக்குள் வைக்கும் ஒலிக்கருவி (இன்-இயர்) கொடுங்கள், கூட்டத்தின் சத்தம் கேட்க மேடை விளிம்பில் இரண்டு மைக் வைத்து அதில் கலந்து விடுங்கள். கூட்டத்தின் சத்தம் கேட்கவில்லை என்றுதான் பாடகர் ஒரு காதுக் கருவியைக் கழற்றுவார். ஒன்றைக் கழற்றினால் மற்றதை ஏற்றச் சொல்வார், அந்தக் காது போகும்.

வயர்லெஸ் அலைவரிசையை ஊருக்கு ஊர் புதிதாகத் திட்டமிட வேண்டும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2017 ஏலத்தில் கைபேசிக்குப் போய்விட்டது, 2020 ஜூலைக்குப் பின் அதில் பழைய மைக்கை இயக்கக் கூடாது. எல்இடி திரைச் சுவரை ஏற்றியதும் ஆன்டெனாவில் இரைச்சல் கூடும். அலைவரிசைச் சோதனையைச் சுவர் எரியும்போது செய்யுங்கள், அணைந்திருக்கும்போது செய்து பயனில்லை.

மேடைக்கு மேலுள்ள குளிர்காற்றுத் துவாரங்களை மூடச் சொல்லுங்கள். புகைக்கருவி மேடையின் பின்பக்கம், குறைந்த அளவில். உடை மாற்றும் அறையில் ஈரப்பதம் 40–60 சதவீதம் இருக்க வேண்டும். தொண்டையை மரக்கவைக்கும் மாத்திரை வேண்டாம்: வலி தெரியாமல் இன்னும் இறுக்கிப் பாடுவார்.

கூட்டம்

இந்த ரசிகர்களில் பாதிப் பேர் பாடகரின் வயதையொட்டியவர்கள். தரையில் நாற்காலி போடுங்கள், வரிசையாக ஒன்றோடொன்று பூட்டி. நிற்கும் தரையாக விற்றால் கதவுகளை ஒரே நேரத்தில், நிறையத் திறக்க வேண்டும். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன் இருக்கை குறிக்காத டிக்கெட்டோடு முண்டியடித்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. சவுண்ட் செக் இழுத்தால் கதவைத் தாமதப்படுத்தாதீர்கள், சவுண்ட் செக்கை வெட்டுங்கள். வெளியே நிற்பவர் உள்ளே இசை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டதாக நினைத்துத் தள்ளுவார்.

ஆல்பம் விற்கும் மேசை வெளியேறும் வழியில் இருக்க வேண்டும், உள்ளே வரும் வழியில் மட்டும் வைத்தால் விற்காது: பாட்டைக் கேட்ட பிறகுதான் வாங்கத் தோன்றும். அரங்கம் டி-ஷர்ட் விற்பனையில் பெரிய பங்கு கேட்கும். தட்டுக்கும் சிடிக்கும் குறைந்த பங்கு என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்குங்கள்.

குரல் போய்விட்டால்

இதற்கான நேர எல்லைகளைச் சுற்றுப்பயணம் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். காலை 8 மணிக்கு முன் முடிவெடுத்தால் டிரக் இறங்காது, உள்ளூர் ஆட்களின் கூலி குறைந்தபட்சத்தோடு போகும். மதியம் 2 மணிக்குள் என்றால் வெளியூர் ரசிகர்களில் பலரைக் கிளம்பும் முன் தடுக்கலாம். கடைசி எல்லை கதவு திறக்கும் முன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மருத்துவர் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்த்த பிறகே முடிவு. பாடகரின் தைரியத்தை நம்பி வேண்டாம். வீக்கம் என்றால் ஒரு நாள் மௌனமும், பாட்டு வரிசையில் நான்கைக் குறைப்பதும் போதலாம். ரத்தக்கசிவு என்றால் விவாதத்துக்கே இடமில்லை, மருத்துவர் அனுமதிக்கும் வரை நிறுத்தம். ஸ்டீராய்டு ஊசி போட்டு மேடையேற்றினால் வீக்கம் மறையும், காயம் ஆறாது. நிகழ்ச்சி ரத்துக் காப்பீட்டில் வயதையும் ஏற்கெனவே இருக்கும் நோயையும் விலக்கியிருக்கிறார்களா என்று பாலிசி வாங்கும்போதே படியுங்கள். மூத்த கலைஞர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அதில் எதையும் மறைத்தால் பணம் வராது. மருத்துவச் சான்று ரத்து அறிவிப்புக்கு முன்பே, அன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். அறிவிப்பில் மாற்றுத் தேதி தெரியாவிட்டாலும் டிக்கெட் செல்லுமா, பணம் திரும்புமா என்ற இரண்டு வரி கண்டிப்பாக இருக்கட்டும்.